6,000 காப்பி வித்தும் லாபம் 230 பவுண்ட்: டிக்கன்ஸ் சொந்தக் காசுல புத்தகம் போட்ட கதை

1843 டிசம்பர் 19ஆம் தேதி லண்டன்ல ஒரு சின்ன புத்தகம் வெளிவந்துச்சு. விலை அஞ்சு ஷில்லிங், அதாவது கால் பவுண்ட், 24ஆம் தேதிக்குள்ள 6,000 காப்பியும் காலி. எழுதினவர் சார்லஸ் டிக்கன்ஸ், புத்தகம் 'எ கிறிஸ்துமஸ் கரோல்', அதுக்கான செலவு மொத்தமும் அவர் தலையில. பிப்ரவரி 10 ராத்திரி கணக்கு கைக்கு வந்தப்போ அந்த 6,000 காப்பிக்கு லாபம்னு இருந்தது 230 பவுண்ட், அவர் மனசுல வச்சிருந்ததோ சுளையா ஆயிரம். அந்த ராத்திரி பட்ட பாட்டை நண்பர் ஃபார்ஸ்டருக்கு எழுதுறப்போ, இனி எழுந்திரிக்கவே மாட்டேன்னு நினைச்சேன்னு சொல்றாரு. இதுக்கு நடுவுல ஜனவரி மாசம் திருட்டுப் பதிப்பு போட்டவங்க மேல கேஸ் போட்டாரு, ஜெயிச்சாரு, ஜெயிச்சும் 700 பவுண்ட் கிட்ட கைக்காசு போச்சு.

இந்தக் கேஸை முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. கிண்டில்ல தமிழ் நாவலைச் சொந்தமா ஏத்துறவங்க இன்னிக்கு நிறைய பேர் இருக்கோம், புத்தகம் வந்த வாரமே பிடிஎஃப் ஏதாவது ஒரு குரூப்ல சுத்த ஆரம்பிச்சுடுது, இன்னொரு பக்கம் ரெண்டு பக்கம் கூட புரட்டாம ஒரு ஸ்டார் போட்டு மொக்கைன்னு எழுதிட்டுப் போறவங்க, ரெண்டும் ஒண்ணா வர்றப்போ எழுதுறதே வேணாம்டா சாமின்னு ஆயிடும். அந்த நேரத்துல நம்ம கோவம் முழுக்க திருடினவன் மேலயும் திட்டினவன் மேலயும் தான் போகுது, போறதுல தப்பும் இல்ல. ஆனா டிக்கன்ஸோட கணக்கை வரிவரியா எடுத்துப் பார்த்தா அவர் காசு கரைஞ்ச இடம் வேற எங்கயோ இருக்கு, அதைத் தான் இங்க பிரிச்சுப் பார்க்கப் போறேன்.

திட்டு வாங்கின வருஷங்கள்

டிக்கன்ஸ் அப்ப புது ஆள் இல்ல. 1836-37ல மாசாமாசம் வந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' கடைசில மாசம் 40,000 வரைக்கும் போச்சு, அப்புறம் வாரத் தொடரா வந்த 'தி ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப்' ஒரு லட்சத்தைத் தொட்டுச்சு. இந்தப் பேரோட தான் 1842 ஜனவரில அமெரிக்கா கிளம்பினாரு, முப்பது வயசு கூட ஆகல. அங்க போனா தெருத்தெருவா வரவேற்பு, விருந்து, மாலை மரியாதை எல்லாம். ஒரே ஒரு விஷயம் தான் இடிச்சுச்சு, அவரோட புத்தகங்களை அமெரிக்காவுல யார் வேணும்னாலும் அச்சடிச்சு விக்கலாம், வெளிநாட்டு எழுத்தாளருக்கு அங்க காப்பிரைட்டே கிடையாது. பிப்ரவரில பாஸ்டன்லயும் ஹார்ட்ஃபோர்டுலயும் நடந்த விருந்துகள்ல எழுந்து நின்னு, எங்களுக்கும் சட்டப்படி ஒரு பங்கு வேணும்னு கேட்டாரு. அவ்வளவு தான், பத்திரிகைங்க பிடிச்சுக்கிச்சு. இவ்வளவு அன்பு காட்டுறோம், இந்த ஆள் காசு காசுன்னு அலையுறாரேன்னு எழுதினாங்க. அப்படி எழுதின ஊர்ல இவரோட எழுத்தைச் சும்மா எடுத்துப் போட்டு பிழைச்ச பத்திரிகைகளும் இருந்துச்சு.

எனக்கு இந்த இடம் படிக்கிறப்போ எல்லாம் வயிறு எரியும். 180 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா தன் நாவலோட பிடிஎஃப்பை எடுங்கன்னு ஒரு எழுத்தாளர் கேட்டா இன்னிக்கும் அதே பதில் தான் வருது. உங்க எழுத்தை நாலு பேர் படிக்கிறாங்கன்னு சந்தோஷப்படாம 49 ரூபாய்க்கு அழறீங்களேன்னு என்கிட்டயே ஒருத்தர் கேட்டாரு. அவர் கெட்டவரும் இல்ல, நிறைய படிக்கிறவரு, எழுதினவங்களுக்கு கூலி உண்டுங்கிற நினைப்பே அவருக்கு வரல.

ஊர் திரும்பி டிக்கன்ஸ் 1842 அக்டோபர்ல அமெரிக்கப் பயணத்தைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாரு. நல்லா வித்துச்சு, விமர்சனம் தான் வாங்கு வாங்குன்னு வாங்குச்சு. 'எடின்பரோ ரிவ்யூ'ல ஜேம்ஸ் ஸ்பெடிங் எழுதினது ரொம்ப காரம், காப்பிரைட்டுக்கு பிரச்சாரம் பண்ண மிஷனரி மாதிரி தான் இவர் அமெரிக்கா போனாருன்னு அதுல ஒரு வரி. டிக்கன்ஸ் 1843 ஜனவரில 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கு கடிதம் எழுதி அது உண்மை இல்லைன்னு மறுத்தாரு. இதை நான் சரின்னு தான் சொல்லுவேன், என் புத்தகம் நல்ல புத்தகம்னு அவர் வாதாடப் போகல, நான் எதுக்குப் போனேன்ங்கிற ஒரு தகவலை மட்டும் மறுத்தாரு. கதை பிடிக்கலன்னு சொல்றவங்க கிட்ட பிடிக்கணும்னு மல்லுக்கட்ட முடியாது, நீ இதுக்குத் தான் போனேன்னு பொய்யா ஒண்ணு சொன்னா அதுக்குப் பதில் சொல்லலாம், சொல்லவும் வேணும்.

அதே 1843ல தொடங்கின 'மார்ட்டின் சஸ்ல்விட்' தொடர் சுணங்கிடுச்சு, மாசம் 20,000 தான் போச்சு. கதாநாயகனை அமெரிக்காவுக்கு அனுப்பி வச்சும் ஒரு மூவாயிரம் தான் ஏறுச்சு. பதிப்பாளர் சாப்மன் அண்ட் ஹாலோட போட்ட ஒப்பந்தத்துல விற்பனை குறைஞ்சா மாசம் கொடுக்கிற 200 பவுண்டுல 50 குறைச்சுக்கலாம்னு ஒரு ஷரத்து இருந்துச்சு, பார்ட்னர்ல ஒருத்தரான ஹால் அதை மெதுவா ஞாபகப்படுத்தினாரு. டிக்கன்ஸுக்கு சுருக்குன்னு பட்டுடுச்சு. வீட்டுல நாலு பிள்ளைங்க, அஞ்சாவது வயித்துல, அப்பாவோட கடன் வேற அடிக்கடி வந்து கதவைத் தட்டும்.

திட்டு அவரை எங்க பாதிச்சுச்சுன்னா இங்க தான்னு நான் நினைக்கிறேன். திட்டினதால எழுதுறது நிக்கல, படிக்கிறவங்களும் ஓடிடல. ஆனா என்னை நம்பாத பதிப்பாளர் எனக்கெதுக்கு, செலவை நானே போடுறேன், லாபம் எல்லாம் எனக்கேன்னு ஒரு வேகம் வந்துடுச்சு, அந்த வேகத்துல கணக்குப் போடுறது விட்டுப் போச்சு.

கணக்கு

அக்டோபர் 5ஆம் தேதி மான்செஸ்டர்ல ஒரு கூட்டத்துல பேசப் போனவருக்கு இந்தக் கதை உருவாச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி செப்டம்பர்ல லண்டன் ஃபீல்டு லேன்ல ஏழைப் பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்து கலங்கி வந்திருந்தாரு. ஆறு வாரத்துல எழுதி முடிச்சாரு, சஸ்ல்விட் தொடருக்கு மாசாமாசம் எழுதிக்கிட்டே தான் இதையும் எழுதினாரு. எழுதுறப்போ அழுதும் சிரிச்சும், ஊரே தூங்கின பிறகு லண்டன் தெருவுல பதினஞ்சு இருபது மைல் நடந்தும் எழுதினதா அவரே சொல்லியிருக்காரு.

ஏற்பாடு இப்படி: சாப்மன் அண்ட் ஹால் பேர்ல தான் புத்தகம் வரும், கடைகளுக்கு அனுப்புறது அவங்க வேலை, அதுக்கு கமிஷன் எடுத்துக்குவாங்க. பேப்பர், அச்சு, படம், பைண்டிங், விளம்பரம் எல்லாம் டிக்கன்ஸ் செலவு. லாபமோ நஷ்டமோ அவருக்கே. இன்னிக்கு நாம சொந்தப் பதிப்புன்னு சொல்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல, கமிஷன் எடுக்கிற இடத்துல அமேசான் இருக்கு, அவ்வளவு தான்.

தன் புத்தகம் பார்க்கவே பரிசுப் பொருள் மாதிரி இருக்கணும்னு ஆசைப்பட்டாரு. துணி பைண்டிங், அட்டையில தங்க எழுத்து, பக்க ஓரத்துக்கு தங்க முலாம், ஜான் லீச் வரைஞ்ச எட்டு படம், அதுல நாலு படத்துக்கு கையால கலர். நாலு படம் பெருக்கல் ஆறாயிரம் காப்பி, அதாவது 24,000 தாளை ஆளுங்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா தூரிகையால கலர் பண்ணியிருக்காங்க. அட்டைக்கு உள்பக்கம் ஒட்டுற தாள் முதல்ல பச்சையா இருந்துச்சு, அந்தப் பச்சை கையில ஒட்டி அழுக்காகுதுன்னு மஞ்சளா மாத்தினாங்க. தலைப்புப் பக்கத்துல சிவப்பும் பச்சையும் அடிச்சிருந்தாங்க, பார்த்துட்டு அது வேணாம்னாரு, பச்சையை எடுத்துட்டு நீலம் வந்துச்சு. எல்லாம் டிசம்பர் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, தேதி நெருங்குற நேரத்துல.

இப்ப 6,000 காப்பிக்கான செலவுப் பட்டியலைப் பாருங்க, இது அப்படியே கிடைச்சிருக்கு. அச்சுக்கூலி 74 பவுண்ட், பேப்பர் 89. படம் வரைஞ்சு செதுக்கினதுக்கு 50க்குக் கொஞ்சம் கம்மி. கலர் அடிச்ச கூலி மட்டும் 120 பவுண்ட். பைண்டிங் 180. விளம்பரமும் சில்லறைச் செலவும் 168. பதிப்பாளர் கமிஷன் 99. படத் தகடு, படத்துக்கான தாள், அதை அச்சடிச்ச கூலின்னு உதிரிச் செலவும் சேர்த்து மொத்தம் 805 பவுண்ட் 8 ஷில்லிங் 5 பென்ஸ். கதையைத் தாள்ல ஏத்துறதுக்கு, அதாவது அச்சுக்கும் பேப்பருக்கும் ஆனது 163. அதை அலங்காரம் பண்ண, கலருக்கும் பைண்டிங்குக்கும் மட்டும், 300.

ஒரு காப்பிக்கு வகுத்துப் பார்த்தா இன்னும் தெளிவாகும். அஞ்சு ஷில்லிங்னா 60 பென்ஸ். கடைக்காரங்களுக்கு விட்டது போக உள்ள வந்தது சுமாரா 41 பென்ஸ், அதுல செலவு 32, கையில நின்னது 9. மொத்தமா வந்த பணமே 1,035 பவுண்ட் அளவு தான்! அப்போ ஆயிரம் பவுண்ட் லாபம்ங்கிறது அந்த ஆறாயிரம் காப்பில நடக்கவே நடக்காத காரியம், புத்தகத்தை சும்மா அச்சடிச்சுக் கொடுத்திருந்தாக்கூட. அடுத்து அச்சான நாலாயிரமும் இன்னொரு அவ்வளவு தான் தரும்னு அவரே அந்தக் கடிதத்துல எழுதுறாரு. கலர் வேணாம்னு விட்டிருந்தா 230ங்கிறது 350 ஆகியிருக்கும், பைண்டிங்கையும் சாதாரணமா பண்ணியிருந்தா இன்னும் ஏறியிருக்கும்.

இதுல ரொம்ப முக்கியமா ஒண்ணு கவனிக்கணும். இந்த 6,000 காப்பி டிசம்பர் 24க்குள்ள வித்தாச்சு. திருட்டுப் பதிப்பு வந்தது ஜனவரி 6. விமர்சனமும் இந்தப் புத்தகத்துக்கு பெரும்பாலும் நல்லாவே இருந்துச்சு, நாவலாசிரியர் தாக்கரே இதை நாட்டுக்கே நடந்த நல்லதுன்னு எழுதினாரு. அப்போ அந்த 230ஐ 230 ஆக்கினதுல திருடனுக்கும் பங்கில்ல, திட்டினவனுக்கும் பங்கில்ல. முழுக்க முழுக்க விலையும் தயாரிப்புச் செலவும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாததால வந்த அடி.

விலையை ஏன் ஏத்தலன்னு கேக்கலாம். ஏத்த அவருக்கு மனசு இல்ல. கதையில வர்ற குமாஸ்தா பாப் க்ராட்சிட்டோட வாரச் சம்பளம் 15 ஷில்லிங், அந்தக் கணக்குக்கு அஞ்சு ஷில்லிங்ங்கிறது வாரக்கூலில மூணுல ஒரு பங்கு. ஏழைங்களுக்காக எழுதின கதையை ஏழைங்க வாங்க முடியாத விலையில அவர் வச்சிருக்காரு, அதுக்கு மேல எப்படி ஏத்துவாரு? ஆனா அப்படி நினைச்சவர் தங்க முலாமை விட்டிருக்கணும். ரெண்டும் வேணும்னு நின்னாரு, அந்த வித்தியாசத்தை தன் பையில இருந்து கட்டினாரு.

ரெண்டு பென்ஸ் பதிப்பு

ஜனவரி 6, 1844. புத்தகம் வந்து 18ஆவது நாள். 'பார்லீஸ் இல்லுமினேட்டட் லைப்ரரி'ன்னு ஒரு மலிவு வாரப் பத்திரிகையில 'எ கிறிஸ்துமஸ் கோஸ்ட் ஸ்டோரி'ன்னு ஒண்ணு வருது, விலை ரெண்டு பென்ஸ், அசல் விலையில முப்பதுல ஒரு பங்கு. டிக்கன்ஸ் பேரையே போட்டு, அவர் மூலத்துல இருந்து புதுசா ஆக்கிச் சுருக்கினதுன்னு வெளிப்படையாவே அச்சடிச்சிருந்தாங்க. போட்டவங்க லீ அண்ட் ஹேடக், சுருக்கி எழுதினவர் ஹென்றி ஹெவிட்.

டிக்கன்ஸ் உடனே, இந்த மாதிரி உரிமை வழக்குகளைப் பார்க்கிற சான்சரி கோர்ட்டுக்குப் போயிட்டாரு. அவருக்காக வாதாட வந்தது டால்ஃபோர்ட், 1842 காப்பிரைட் சட்டம் வர்றதுக்கு பார்லிமென்ட்ல வருஷக்கணக்கா போராடின மனுஷன், அதாவது இதை விட நல்ல வக்கீல் அன்னிக்கு இங்கிலாந்துலயே கிடையாது. எதிர்த்தரப்பு ஹெவிட்டோட வாக்குமூலம் இருக்கே, அது தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சது. நான் நகல் எடுக்கல, மெருகேத்தியிருக்கேன்னு சொல்றாரு. மூலத்துல இருந்த குழப்பத்தையும் கூறியது கூறலையும் சரி பண்ணினேன், க்ராட்சிட்டோட சின்னப் பையன் டைனி டிம் பாட்டு பாடினான்னு டிக்கன்ஸ் சும்மா சொல்லிட்டுப் போயிட்டாரு, நான் அந்தப் பாட்டையே அறுபது வரியில எழுதிச் சேர்த்தேன்னு சொல்றாரு. இதுக்கு முன்னாடியும் அவரோட கதைகளை இப்படிப் போட்டோம், அப்ப ஒண்ணும் சொல்லலயேன்னு வேற.

கடைசி வாதத்தை கவனிங்க. முன்னாடி விட்டுட்டதையே உரிமையா எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு பிடிஎஃப் குரூப் நடத்துறவங்க பேசுறதும் இதே தான், எல்லா ரைட்டரோட புக்கும் இருக்கு, யாரும் கேக்கல, நீங்க மட்டும் ஏன் கேக்கிறீங்க, நாங்க எழுத்துப்பிழை எல்லாம் பார்த்து நீட்டா தானே போடுறோம். ராத்திரி பகலா எழுதினவரோட பொருளை எடுத்து வித்துட்டு, நான் அதை நல்லாத் தான் வச்சுக்கிட்டேன்னு சொல்றது என்ன நியாயம்!

ஜனவரி 18ஆம் தேதி நீதிபதி நைட் ப்ரூஸ், டால்ஃபோர்ட் வாயைத் திறக்கவே விடல, இதுல கேக்க என்ன இருக்குன்னு உடனே டிக்கன்ஸ் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டாரு. அன்னிக்கு டிக்கன்ஸ் ஃபார்ஸ்டருக்கு எழுதின கடிதத்துல சந்தோஷம் கொப்பளிக்குது, திருட்டுப் பசங்க தோத்துட்டாங்க, அடிபட்டு, நசுங்கி, கூழாகிட்டாங்கன்னு வரிசையா அடுக்குறாரு. கூடவே ஆயிரம் பவுண்ட் நஷ்ட ஈடும் கேட்டிருந்தாரு, வித்த சில புத்தக வியாபாரிங்க மேலயும் கேஸ் ஓடுச்சு.

அப்புறம் லீ அண்ட் ஹேடக் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாங்க. திவால். நஷ்ட ஈடும் இல்ல, கோர்ட் செலவும் அவங்க கிட்ட இருந்து வராது, 700 பவுண்ட் சொச்சம் டிக்கன்ஸ் தலையில விழுந்துச்சு. ஆறாயிரம் காப்பில கிடைச்ச லாபத்தைப் போல மூணு மடங்கு. அந்த ரெண்டு பென்ஸ் பத்திரிகை எவ்வளவு வித்திருந்தாலும் சரி, அதை வாங்கினவங்க அஞ்சு ஷில்லிங் கொடுத்து அசலை வாங்கியிருக்கக் கூடியவங்க இல்ல. அந்தத் திருட்டால போன காசை விட அதைத் துரத்தப் போய் போன காசு பல மடங்கு இருக்கும்னு தான் எனக்குப் படுது.

நாடகக் கம்பெனிங்களும் சும்மா இருக்கல. பிப்ரவரி 5ஆம் தேதி ஒரே நாள்ல மூணு மேடையில கரோல் நாடகமா வந்துச்சு, மாசக் கடைசில லண்டன்ல மட்டும் எட்டு. நாவலை நாடகமா போடுறதை அன்னிக்குச் சட்டம் திருட்டா பார்க்கல, அதனால அதுல இருந்து டிக்கன்ஸுக்கு சட்டப்படி ஒரு காசு கூட வர வேண்டியதில்ல. அமெரிக்கப் பதிப்புகளைப் பத்தி சொல்லவே வேண்டாம்.

ஜூன் மாசம் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ'ல ஒரு குத்தல் வந்துச்சு. க்ராட்சிட் வீட்டுக்கு அவரோட கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ் மனசு மாறி வான்கோழி அனுப்புறாரே, நாட்டுல உபரியா வான்கோழி இல்லாதப்போ அதுக்காக வேற எந்த வீடு பட்டினி கிடந்துச்சுன்னு எழுத்தாளர் யோசிச்சாரான்னு கேட்டாங்க. பொருளாதாரம் தெரியாதவர்னு சொல்ற மாதிரி. அந்த விமர்சனத்தால ஒரு காப்பி குறைஞ்சதா யாரும் சொல்லல.

அதுக்கப்புறம் அவர் மாத்தினது

1844 ஜூன் மாசம் சாப்மன் அண்ட் ஹாலை விட்டுட்டு, கரோலை அச்சடிச்ச ப்ராட்பரி அண்ட் எவன்ஸ் கிட்ட போனாரு. அடுத்த எட்டு வருஷம் எழுதுறதுல நாலுல ஒரு பங்கு அவங்களுக்கு, அதுக்கு முன்பணமா 2,800 பவுண்ட். லண்டன் வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, செலவு கம்மின்னு குடும்பத்தோட இத்தாலிக்கு ஜெனோவா போயிட்டாரு. அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு எழுதின 'தி சைம்ஸ்' புத்தகத்துக்கும் அதே அஞ்சு ஷில்லிங் தான், ஆனா கையால கலர் அடிச்ச படம் கிடையாது. லாபம் ஆயிரத்தைத் தாண்டுச்சு. கரோலோ ஒரு வருஷம் முழுக்க ஓடியும் அந்த ஆயிரத்தைத் தொடல. என் கணக்கைத் தவறுன்னு நினைக்கிறவங்க இந்த ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம், எழுத்தாளர், விலை, பண்டிகை எல்லாம் ஒண்ணு தான்.

1846ல மறுபடி ஒரு திருட்டு நடந்தப்போ வக்கீல்கிட்ட போகலாமான்னு பேச்சு வந்துச்சு. வேணாம்னுட்டாரு. சட்டத்துக்கிட்ட போய் நிக்கிற பெரிய அநியாயத்தை விட இந்த அநியாயத்தைப் பொறுத்துக்கலாம், கரோல் கேஸ்ல நான் பறிகொடுத்தவனா இல்லாம பறிச்சவன் மாதிரி நடத்தப்பட்டேன்னு எழுதினாரு. சான்சரி கோர்ட் மேல இருந்த அந்தக் கசப்பு 1852ல தொடங்கின 'ப்ளீக் ஹவுஸ்' முழுக்க இருக்கு.

நம்ம நிலைமை அவரோடதை விட இதுல கொஞ்சம் தேவலாம், அதையும் சொல்லிடறேன். இந்தியக் காப்பிரைட் சட்டம் 63ஆம் பிரிவுல ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை சிறை, 50,000ல இருந்து 2 லட்சம் வரை அபராதம், இது போலீஸ் நேரடியா வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையா கேக்க முடியாத குற்றம்னு உச்ச நீதிமன்றம் 2022ல சொல்லியிருக்கு. 2013 விதிகள்படி, உங்க புத்தகம் இன்ன லிங்க்ல இருக்குன்னு எழுத்துல புகார் கொடுத்தா அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள்ள அதைத் திறக்க முடியாதபடி தடுக்கணும். 21 நாளைக்குள்ள நாம கோர்ட் உத்தரவு வாங்கிக் கொடுக்கலன்னா அவங்க திரும்பத் திறந்துடலாம். முதல் பாதிக்கு காசு செலவில்ல, அதனால அதைப் பண்ணிடுங்க, விட்டுக் கொடுக்காதீங்க, யாரும் கேக்கலயேன்னு நாளைக்கு ஒரு ஹெவிட் வந்து சொல்லக் கூடாது. அந்த 21 நாள் கதவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி மட்டும் எதிர்ல நிக்கிறவன் கிட்ட கொடுக்க ஏதாவது இருக்கான்னு பார்த்துக்குங்க. பேரில்லாத குரூப் அட்மின் கிட்ட லீ அண்ட் ஹேடக் கிட்ட இருந்த அளவு கூட இருக்காது.

இன்னொண்ணு, இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்ட்டி வேணும்னா அமேசானோட 'கேடிபி செலக்ட்' திட்டத்துல சேரணும், சேர்ந்தா வேற எங்கயும் டிஜிட்டலா விக்கக் கூடாது. அப்போ வருமானம் மொத்தமும் ஒரே வாசல் வழியா வருது. இந்த நிலையில புதுசா எழுத வர்றவங்க அட்டைக்கு இவ்வளவு, ப்ரூஃப் பார்க்க இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவுன்னு கடன் வாங்கிக் கொட்டுறதைப் பார்த்தா மனசு பதறுது. ஒரு காப்பிக்கு நமக்கு எத்தனை ரூபா நிக்கும், போட்ட காசு திரும்ப எத்தனை காப்பி போகணும்னு ஒரு தாள்ல எழுதிப் பார்த்துட்டு இறங்குங்க. எழுத்துப்பிழை பார்க்கிறவருக்கு மட்டும் கட்டாயம் காசு கொடுங்க, அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

டிக்கன்ஸுக்கு கரோல்ல இருந்து நல்ல வரவு வந்தது ரொம்ப வருஷம் கழிச்சு, யாரும் நகல் எடுக்க முடியாத ஒரு வழியில. 1853 டிசம்பர்ல பர்மிங்ஹாம் டவுன் ஹால்ல இந்தக் கதையை மேடையில நின்னு வாசிச்சாரு, அது தர்மத்துக்கு. 1858ல இருந்து டிக்கெட் வச்சு தனக்காகவே வாசிக்க ஆரம்பிச்சாரு. 1867ல மறுபடி அமெரிக்கா போனாரு, காசு காசுன்னு அலையுறாருன்னு எழுதின அதே ஊர்களுக்கு. டிசம்பர் 2ஆம் தேதி பாஸ்டன்ல முதல் கூட்டம், முதல்ல வாசிச்சதே கரோல் தான். அடுத்த வருஷம் ஏப்ரலுக்குள்ள 76 கூட்டம் முடிச்சுட்டு சுமார் 19,000 பவுண்டோட ஊர் திரும்பினாரு. வெளிநாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்கா காப்பிரைட் கொடுத்தது 1891ல, அவர் இறந்து 21 வருஷம் கழிச்சு.